இன்னும் நாலரை நிமிடம்

ஆட்டத்துக்கு முன் புல்லில் மண்டியிட்டு
ஒவ்வொரு முன்னங்காலையும்
விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன்.
டொக் என்றால் காப்பு இருக்கிறது.
சத்தமே இல்லையென்றால் அது கட்லுவாக்,
எந்தச் சனிக்கிழமையும் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வருபவன்.
"ஓடு" என்பேன்.
அவன் போய் வரும் வேகத்தில்
அன்றைய ஆட்டம் எப்படி என்று தெரிந்துவிடும்.

கோல் கம்பங்களின் பின்னால் மணல் மூட்டைகள்,
பக்கத்துக்கு நான்கு.
எண்ணினால் போதாது, உதைத்தும் பார்க்க வேண்டும்.
வலையைப் பிடித்துத் தொங்க
ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
கம்பம் சாய்வதற்கும் அவ்வளவுதான்.

தோடு கூடாது.
இஷெல்லுக்குக் காது குத்திப் பத்து நாள்.
பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன் என்கிறாள்.
பிளாஸ்திரியும் கூடாது.
கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்கிறாள்,
அழுகை கழுத்துவரை வந்து நிற்கிறது.
வேலியோரம் அவள் அப்பா வெனான்சியோ.
அதே இறைச்சி ஆலை, அதே இரவு ஷிப்ட்,
எனக்கு இரண்டு ஆள் தள்ளி எலும்பு நீக்குபவர்.
ஒரு தடவை பார்க்காமல் விடேன் என்று
கண்ணாலேயே கேட்கிறார்.

நான் இடது கையை உயர்த்துகிறேன்.
மோதிர விரல் பாதியில் நின்றுபோன கை.
மோதிரம் அணிந்து பெல்ட் அருகே போகாதீர் என்று
ஆலைச் சுவரில் மஞ்சள் தாள் ஒன்று உண்டு.
நான் வேலைக்குச் சேர்ந்த நாளில்
அந்தச் சுவர் வெறுமையாக இருந்தது.

அவர் வந்து மண்டியிட்டு
இரண்டு தோடுகளையும் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் பந்து உயரே போய்
வெயிலுக்குள் மறைந்து திரும்பியது.
கீழே கட்லுவாக்.
பத்து வயதுக்குள் தலையால் முட்டக் கூடாது என்பது
அவனுக்குத் தெரியும், நெற்றிக்குத் தெரியவில்லை.
அழகான கோல்.
என் பதினோரு வருடத்தில் அப்படி ஒன்று பார்த்ததில்லை.
விசில் ஊதினேன்.
பயிற்சியாளர் டெல்பர்ட் தொப்பியைத் தரையில் அறைந்தார்,
பிறகு அவரே குனிந்து எடுத்துத் தூசி தட்டினார்.
விதித்தாளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான்.

ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் மீதி.
தானியக் கிடங்குகளுக்கு அப்பால்
ஏதோ உருண்டது.

"நிலக்கரி ரயில்!" என்றது பெற்றோர் கூட்டம்.
"மேலே பார், நீலமாக இருக்கிறது!"
"ஐந்தே நிமிடம், மனுஷா!"
ரயிலாகவும் இருக்கலாம்.
நெப்ராஸ்காவில் இரண்டுக்கும் ஒரே குரல்.
எனக்கு உறுதியில்லை.
உறுதியில்லை என்பதால் ஊதினேன்.

இடி கேட்டால் முப்பது நிமிடம்.
தகர இருக்கைகளை விட்டு, மரத்தை விட்டு,
எல்லோரும் கார்களுக்குள்.
இருபத்திரண்டாம் நிமிடத்தில் மறுபடி இடி;
இந்த முறை ரயில் என்று யாரும் சொல்லவில்லை.
பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி
முதல் கட்டத்துக்கு இறங்கினோம்.
இருபத்தெட்டில் இன்னொன்று.
அப்புறம் மழை,
கிழக்குப் பக்கக் கோலே தெரியாத மழை.

டிரக்கில் உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் பந்து.
பக்கத்துக் காரின் பின்சீட்டில்
ஆறு பேர் நெருக்கியடித்து.
இஷெல் காதைத் தடவிப் பார்க்கிறாள்.
கட்லுவாக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறான்:
இன்னும் எவ்வளவு?

ஐந்து என்று கையை விரித்தேன்.

அவன் உன்னிப்பாகப் பார்த்தான்.
பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினான்,
பாதி விரலில் கொஞ்சம் தயங்கினான்.
பிறகு ஆவி படிந்த கண்ணாடியில்
பெரிதாக எழுதினான்: 4½.
உள்ளே ஆறு பேரும் ஏதோ வாதாடுகிறார்கள்.
அரை நிமிடம் எங்கே போயிற்று என்றாக இருக்கும்.

நான் திருத்தவில்லை.
மேற்கே மறுபடி உருண்டது.
கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.